லாஸ்லெஸ் வந்தாச்சு... உங்க காதுவரைக்கும் வருதா?

போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்தரை மணிக்கு சித்தி மகன் கூப்பிட்டான். கோவையில் முதல் வேலை. சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது.

"அக்கா, ஒரே ஒரு சந்தேகம். ஐபோனா, ஆண்ட்ராய்டா? கேமரா எல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம். பாட்டு நல்லா கேக்கணும், அவ்ளோதான். 24 மாச இ.எம்.ஐ-ல ஐபோன் எடுத்துட்டு, அடுத்த வருஷம் லேப்டாப்பையும் மேக்புக்கா மாத்திடலாம்னு இருக்கேன். ஒரேயடியா ஆப்பிள் பக்கம் போயிட்டா சவுண்டு விஷயத்துல டென்ஷனே இல்லைன்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

"சரிடா, இப்ப எதுல பாட்டு கேக்குற?"

"எண்ணூறு ரூபா நெக்பேண்ட்."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இத்தனை வருடம் போன் விளம்பரம் என்றாலே மெகாபிக்ஸல்தான். இப்போது பாட்டு ஆப்களுக்கும் காட்டிக்கொள்ள ஒரு நம்பர் கிடைத்திருக்கிறது. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனிலேயே கூடுதல் கட்டணம் இல்லாமல் லாஸ்லெஸ் தரத்தைக் கொண்டுவந்தது. அதே வருடம் பிப்ரவரியில் 'நாங்களும் தரப்போறோம்' என்று அறிவித்த ஸ்பாட்டிஃபை, நாலரை வருடம் இழுத்தடித்து 2025 செப்டம்பரில்தான் தந்தது. இந்தியாவில் அது எல்லா பிரீமியம் சந்தாவுக்கும் கிடையாது. 2025 நவம்பரில் வந்த 'பிளாட்டினம்' என்ற மேல்தட்டு பிளானில் வைத்திருக்கிறார்கள். ஆக, நல்ல ஒலி என்பது இப்போது தனி விலை போட்டு விற்கிற சரக்கு. அதற்கு எந்த போன், எந்த லேப்டாப், எந்த கம்பெனி என்ற கேள்வி வரத்தானே செய்யும்?

லாஸ்லெஸ் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். எம்பி3, ஏஏசி மாதிரியான ஃபார்மேட்டுகள், 'இது மனுஷக் காதுக்குக் கேக்காது' என்று கணக்குப் போட்டு பாட்டின் சில பகுதிகளைத் தூக்கிப் போட்டு ஃபைலைச் சின்னதாக்கும். லாஸ்லெஸ் எதையும் தூக்கிப் போடாது. கம்ப்யூட்டரில் ஜிப் செய்கிற மாதிரி சுருக்கி, விரிக்கும்போது அப்படியே திருப்பித் தரும்.

பிரச்னை அங்கே இல்லை. அதற்கு அடுத்த அடியில் இருக்கிறது.

தொட்டி நிறைய தண்ணி, குழாய் அரை இன்ச்

சி.டி தரத்தில் இருக்கும் பாட்டு விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவலைக் கொட்டுகிறது. லாஸ்லெஸ்ஸாகச் சுருக்கினாலும் பெரும்பாலான பாட்டுகள் 700, 900 என்று நிற்கும். இதை போனிலிருந்து உங்கள் காதில் இருக்கும் ப்ளூடூத் இயர்பட்ஸுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும்போது போனும் இயர்பட்ஸும் ஒரு பாஷையை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாஷைக்குப் பெயர்தான் கோடெக்.

எல்லா ப்ளூடூத் கருவிக்கும் தெரிந்த அடிப்படை கோடெக் எஸ்பிசி. அது வழக்கமாக 328 கிலோபிட்டைத் தாண்டாது. ஐபோனும் ஏர்பாட்ஸும் பேசிக்கொள்வது ஏஏசி-யில். அது 256 வாக்கில். சோனி உருவாக்கிய எல்டாக், 330, 660, 990 என்று மூன்று கியரில் ஓடும். 990 ஓடினாலும் அதுவும் கொஞ்சம் தகவலைக் கழித்துவிட்டுத்தான் அனுப்பும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தாலும் பாத்ரூம் குழாய் அரை இன்ச் என்றால் பக்கெட்டில் விழுவது அரை இன்ச் தண்ணிதான்.

இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ப்ளூடூத்தில் லாஸ்லெஸ் கேட்கப் போதுமான இடம் இல்லை, வயர்ட் ஹெட்ஃபோனில் கேளுங்கள் என்று ஸ்பாட்டிஃபையே தன் அறிமுகக் குறிப்பில் சொல்லியிருக்கிறது. ப்ளூடூத் இணைப்பு லாஸ்லெஸ் அல்ல என்று ஆப்பிளின் உதவிப் பக்கமும் சொல்கிறது. யாரும் எதையும் மறைக்கவில்லை. நாமதான் அந்தப் பக்கம் போவதில்லை!

நானும் போகவில்லை. மூன்று வருடம் முன்பு, டப்பாவில் தங்கக் கலரில் 'ஹை-ரெஸ் ஆடியோ வயர்லெஸ்' ஸ்டிக்கர் ஒட்டிய இயர்பட்ஸ் ஒன்றை ஆசையாக வாங்கினேன். எட்டு மாதம் 'என்னா டீட்டெய்லு!' என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த ஸ்டிக்கருக்குக் காரணமான கோடெக் என் போனுக்குத் தெரியவே தெரியாது என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். எட்டு மாதமும் நான் கேட்டது சாதாரண ஏஏசி. டீட்டெய்ல் எல்லாம் ஸ்டிக்கரில் இருந்து வந்திருக்கிறது.

பூட்டு எங்கே இருக்கிறது?

2016 செப்டம்பரில் ஐபோன் 7 வந்தபோது அதில் ஹெட்ஃபோன் ஜாக் இல்லை. இதற்கெல்லாம் துணிச்சல் வேண்டும் என்று ஆப்பிள் மேடையிலேயே பெருமைப்பட்டுக்கொண்டது. அதே மேடையில்தான் ஏர்பாட்ஸும் அறிமுகமானது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அடுத்த மாதமே பிக்ஸலைக் கொண்டுவந்த கூகுள், 'எங்ககிட்ட ஜாக் இருக்கே' என்று கிண்டலடித்தது. 2017-ல் பிக்ஸல் 2-வில் ஜாக்கை எடுத்துவிட்டது. விளம்பரம் போட்டே ஆப்பிளைக் கலாய்த்த சாம்சங்கும் 2019-ல் நோட் 10-ல் எடுத்தது. அப்புறம் அந்தப் பழைய விளம்பரங்கள் யூடியூப்பில் இருந்து காணாமல் போனது தனிக் காமெடி.

3.5 மி.மீ. ஜாக் யாருக்கும் சொந்தமில்லை. எந்த ஹெட்ஃபோனை எதில் சொருகினாலும் பாடும். அது போன பிறகு வந்த ப்ளூடூத்தும் பொதுச்சொத்துதான். ஆனால் அதற்கு மேலே ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக ஒரு கேட் போட்டுக்கொண்டது.

ஐபோனுக்கு எஸ்பிசி, ஏஏசி தவிர எல்டாக், ஆப்ட்எக்ஸ் எதுவும் தெரியாது. முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து சோனி ஹெட்ஃபோன் வாங்கி ஐபோனோடு ஜோடி சேர்த்தால் ஏஏசி-யில்தான் பாடும். மோசமாக இருக்காது, ஆனால் காசு கொடுத்த ஒரு வசதி அதுபாட்டுக்குத் தூங்கும். சாம்சங் கேலக்ஸி பட்ஸின் உயர்தர கோடெக், கேலக்ஸி போனோடு மட்டும்தான் முழுசாகப் பேசும். அதே பட்ஸை ஐபோனோடு சேர்த்தால் அதுவும் ஏஏசி-க்கு இறங்கிவிடும். குவால்காமின் ஆப்ட்எக்ஸ் லாஸ்லெஸ், பேருக்கேற்ற மாதிரி சி.டி தரத்தையே அனுப்பக்கூடியது. அதற்கு போன், இயர்பட்ஸ் இரண்டிலும் சரியான சிப் இருந்து, போன் கம்பெனியும் மனசு வைக்க வேண்டும். ஸ்னாப்டிராகன் போட்ட எல்லா போனிலும் அது கிடைத்துவிடாது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஏர்பாட்ஸ் மேக்ஸ். யூஎஸ்பி-சி போட்டு வந்த அந்த ஹெட்ஃபோனில், 2025-ல் வந்த ஐஓஎஸ் 18.4 அப்டேட்டுக்குப் பிறகு லாஸ்லெஸ் கேட்கலாம். எப்படி? வயர் சொருகி!

எல்டாக் மட்டும் இதில் கொஞ்சம் தாராளம். 2017-ல் ஆண்ட்ராய்டு 8-லிருந்து அது ஆண்ட்ராய்டின் பொது கோடிலேயே இருப்பதால் பல கம்பெனி போன்களில், பல கம்பெனி இயர்பட்ஸில் வேலை செய்கிறது. ஆனால் அதற்கும் சில வேண்டாத குணங்கள் உண்டு. பல இயர்பட்ஸில் ஆப்புக்குள் போய் நீங்களேதான் ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்தால் சார்ஜ் சீக்கிரம் தீரும். சிலதில் ஒரே நேரத்தில் போன், லேப்டாப் இரண்டிலும் இணைந்திருக்கும் வசதி போய்விடும். முக்கியமாக, காலை ஒன்பது மணி பீச் – தாம்பரம் ரயிலில், சுற்றி நூறு பேர் ப்ளூடூத் போட்டிருக்கும் கூட்டத்தில், அது தானாகவே 330-க்கு இறங்கிவிடும். 990-லேயே பிடித்து வைத்தால் பாட்டு விட்டுவிட்டு வரும்.

அதனால் தம்பியிடம் முதலில் சொன்னது இதுதான். ப்ளூடூத்தில்தான் கேட்கப்போகிறாய் என்றால் போனையும் இயர்பட்ஸையும் தனித்தனியாக யோசிக்காதே, ஜோடியாக யோசி. ஐபோன் என்றால் ஏர்பாட்ஸ். கோடெக்குக்காக இல்லை, மற்ற எல்லாம் ஒத்துப்போகும் என்பதற்காக. கேலக்ஸி என்றால் அதன் பட்ஸ். மற்ற ஆண்ட்ராய்டு என்றால் எல்டாக் இருக்கும் எதுவும். ஒரு ஜோடி இன்னொன்றைவிட ஓஹோ என்று பாடும் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு சின்ன அடாப்டர்

வயரில் கேட்கத் தயார் என்றால் கேம் மொத்தமும் மாறிவிடுகிறது. டிஜிட்டல் தகவலை ஒலியாக மாற்றும் சிப்புக்கு டிஏசி என்று பெயர். ஜாக் இருந்த காலத்தில் அது போனுக்குள் இருந்தது. இப்போது அடாப்டரின் நுனியில் இருக்கிறது. ஆப்பிளின் யூஎஸ்பி-சி டு 3.5 அடாப்டர் அமெரிக்காவில் 9 டாலர். ஆனால் 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை சுத்தமாகப் பாடும் குட்டி டிஏசி அது. லேபில் அளந்து பார்த்தவர்களே பாராட்டிய பொருள். ஐபோன் 15-லிருந்து யூஎஸ்பி-சி வந்துவிட்டதால் ஒரே அடாப்டர் ஐபோன், ஆண்ட்ராய்டு, லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரே குறை, பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் வால்யூம் குறைவாக வரும். அவர்கள் வேறு கம்பெனி டிஏசி அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை. பிளாட்பாரத்தில் 100, 150 ரூபாய்க்குக் கிடைக்கும் அடாப்டர்கள் சிலவற்றில் டிஏசி சிப்பே இருக்காது, வெறும் வயர்தான். அவை பல போன்களில் வேலையே செய்யாது. வாங்கும்போது 'உள்ள டிஏசி இருக்கா அண்ணா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் முழித்தால் அடுத்த கடை.

வயர் போட்ட பிறகு ஈகோசிஸ்டம் வித்தியாசம் என்று என்னதான் மிஞ்சுகிறது? கொஞ்சம்தான். ஐபோனில் வெளி டிஏசி சொருகினால், ஆப்பிள் மியூசிக் பாட்டின் ஒரிஜினல் சாம்பிள் ரேட்டுக்குத் தானாக மாறிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு வழக்கமாக எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே விடும். ஆண்ட்ராய்டு 14-ல் அதைத் தாண்டிப்போக வழி வைத்திருக்கிறார்கள், ஆனால் ஆப் அதைப் பயன்படுத்த வேண்டும். விண்டோஸிலும் பல ஆப்களின் சத்தத்தை ஒன்றாகக் கலக்கும் மிக்ஸர் இதே வேலையைச் செய்யும். வேடிக்கை என்னவென்றால், மேக்கும் தானாக மாறாது. ஆடியோ மிடி செட்டப் என்ற ஆப்பைத் திறந்து கையால் மாற்ற வேண்டும். ஆப்பிள் ஈகோசிஸ்டத்துக்குள்ளேயே போன் ஒரு மாதிரி, லேப்டாப் ஒரு மாதிரி. இந்த மாற்றத்தையெல்லாம் காதால் கண்டுபிடிக்கிறவரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை.

இன்னொன்று, ஆப்பிள் மியூசிக் கேட்க ஆப்பிள் போன் தேவையில்லை. ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் அந்த ஆப் இருக்கிறது, லாஸ்லெஸ்ஸோடு. இது தெரியாமல்தான் பாதிப் பேர் இ.எம்.ஐ கால்குலேட்டரைத் திறக்கிறார்கள்.

லேப்டாப்பில் ஈகோசிஸ்டத்தைவிடப் பெரிய வில்லன் மைக். ப்ளூடூத் ஹெட்செட்டோடு டிஸ்கார்டு கால், ஆபீஸ் மீட்டிங் என்று மைக் ஆன் ஆன நொடியில் பாட்டும் கேம் சத்தமும் பழைய லேண்ட்லைன் போன் மாதிரி ஆகிவிடும், கவனித்திருக்கிறீர்களா? ஹெட்செட் ரிப்பேர் இல்லை. பழைய ப்ளூடூத்தில் பேசுவதற்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி. இரண்டும் சேர்ந்து ஓடாது. எல்இ ஆடியோ என்ற புதிய முறை இதைச் சரிசெய்கிறது. விண்டோஸ் 11-லும் 2025-ல் அதற்கான வசதி வந்தது. லேப்டாப், ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அதுவரை லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஹெட்செட்டில் கேட்க மட்டும் செய்வதுதான் காசில்லாத வைத்தியம்.

கேட்பது வேறு, உருவாக்குவது வேறு

இதுவரை சொன்னதெல்லாம் பாட்டு கேட்பவர்களுக்கு. பெட்ரூமில் உட்கார்ந்து பீட் போடுகிறீர்கள், கவர் பாடி ரெக்கார்டு செய்கிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே ஈகோசிஸ்டம் நிஜமாகவே பெரிய முடிவு.

காரணம், தரமில்லை, தாமதம். மைக்கில் பாடியது ஹெட்ஃபோனில் திரும்பிக் கேட்க எடுக்கும் சில மில்லிசெகண்டுகள் கூடினால் தாளம் தப்பும். மேக், ஐபேடில் இருக்கும் கோர் ஆடியோ இதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்கிறது. விண்டோஸில் ஸ்டெய்ன்பெர்க் கம்பெனியின் ஏசியோ டிரைவரோடு வரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே அளவுக்கு வேலை நடக்கும். ஆண்ட்ராய்டு இதில் ரொம்ப வருடம் பின்தங்கியே இருந்தது. இசை ஆப்கள் முதலில் ஐஓஎஸ் பக்கம் குவிந்ததற்கு இது முக்கியக் காரணம்.

அடுத்தது சாஃப்ட்வேர். ஆப்பிள் 2002-ல் எமேஜிக் கம்பெனியை வாங்கியதும் லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. அன்றிலிருந்து லாஜிக் வேண்டுமென்றால் ஆப்பிள்தான். மறுபக்கம் எஃப்எல் ஸ்டூடியோ 2018 வரை விண்டோஸுக்கு மட்டும். இப்போது மேக்கிலும் உண்டு, ஒருமுறை வாங்கினால் அப்டேட்டுக்கு ஆயுள் முழுக்கக் காசில்லை. எதில் கற்றுக்கொள்கிறீர்களோ அதில்தான் உங்கள் பழைய புராஜெக்ட் எல்லாம் கிடக்கும். இந்தப் பூட்டு இயர்பட்ஸ் பூட்டைவிடக் கனமானது. உங்கள் நண்பர்கள் கேங்கில் எல்லாரும் என்ன பயன்படுத்துகிறார்களோ அதையே எடுங்கள் என்பதுதான் என் கட்சி.

வீட்டு ஹாலில் ஒரு டெஸ்ட்

அந்த வாரக் கடைசியில் தம்பி சென்னை வந்தான். என் வயர்ட் இயர்போனைக் காதில் மாட்டிவிட்டு, அவனுக்குத் தெரியாமல் ஒரே பாட்டை 320 கிலோபிட்டிலும் லாஸ்லெஸ்ஸிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒலி அளவு கொஞ்சம் கூடினாலே 'இது நல்லாருக்கு' என்று தோன்றும் என்பதால் வால்யூமைத் தொடவில்லை. பத்து முறையில் ஆறு சரி. எனக்கு அவன் போட்டுக் காட்டினான், ஐந்து. ஒத்தையா இரட்டையா விளையாடியிருந்தாலும் இதே மார்க்தான்.

எங்கள் காது மட்டும் மட்டமில்லை. 2007-ல் அமெரிக்காவில் பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் ஹை-ரெஸ் டிஸ்க்கின் ஒலியையும் அதையே சி.டி தரத்துக்குக் குறைத்ததையும் பலரைக் கேட்க வைத்து ஆய்வு செய்து, ஆடியோ பொறியாளர்களின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட முறை கேட்டதில் சரியாகச் சொன்னது கிட்டத்தட்ட பாதி.

அப்புறம் அவனுடைய நெக்பேண்டையும் என் இயர்போனையும் மாற்றிப் போட்டோம். பத்துக்குப் பத்து. சமையலறையில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தோம். "இதுல வயலின் தனியா தெரியுதுடி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அம்மாவுக்கு கோடெக் தெரியாது.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, காதில் மாட்டும் பொருளில். அதற்கும் காசை வாரி இறைக்க வேண்டியதில்லை. 2017-ல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். அவை ஒலியின் உயர, தாழ்வுகளைத் தரும் விதத்துக்கும் விலைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுதான் அவர் கண்டது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வயர்ட் ஐஇஎம்கள், பல மடங்கு விலையுள்ள இயர்பட்ஸை வெட்கப்பட வைப்பதை நானே கேட்டிருக்கிறேன். காதுக்குள் சரியாகப் பொருந்தும் ரப்பர் டிப் சைஸ் கிடைத்தால் பேஸ் தன்னால் வரும். அதற்கு விலையே இல்லை.

இன்னும் காசில்லாத ஒன்று, ஆப்பின் செட்டிங்ஸ். டேட்டாவை மிச்சம் பிடிக்கும் வசதி ஆனில் இருந்தால் குறைந்த பிட்ரேட்டில்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இந்த வித்தியாசம் நெக்பேண்டிலேயே கேட்கும். லாஸ்லெஸ்ஸை மொபைல் டேட்டாவில் போடும் முன் மட்டும் யோசியுங்கள். 10 ஜிபி இடத்தில் சாதாரண உயர்தரத்தில் 3,000 பாட்டு, லாஸ்லெஸ்ஸில் 1,000, ஹை-ரெஸ்ஸில் வெறும் 200 என்பது ஆப்பிள் சொல்லும் கணக்கு. தினம் ஒன்றரை ஜிபி பேக்கில் ரீல்ஸும் பார்த்துவிட்டு இதையும் போட்டால் சாயங்காலமே மெசேஜ் வந்துவிடும்.

பழைய பாட்டுப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பில் லாஸ்லெஸ் என்று எழுதியிருந்தால், ஆடியோ கம்பெனி கொடுத்த ஃபைலில் எதுவும் குறையவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அந்த ஃபைலே தேய்ந்த டேப்பில் இருந்து அவசரமாக எடுத்தது என்றால், இரைச்சலும் லாஸ்லெஸ்ஸாக வரும். டால்பி அட்மாஸிலும் இதே கதைதான். அட்மாஸில் பாட்டைத் தருபவர்களுக்கு 10 சதவிகிதம் வரை கூடுதல் ராயல்டி என்று 2024 ஜனவரியில் ஆப்பிள் அறிவித்தது. புதுப் படங்களில் அட்மாஸ் அருமையாக இருக்கிறது. சில பழைய பாட்டுகளில் பாடகர் பக்கத்து வீட்டு மாடியில் நின்று பாடுகிற மாதிரி கேட்பதற்கு, அந்தப் பத்து சதவிகித அவசரமும் காரணமாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தம்பி கோவைக்குத் திரும்பும்போது காந்திபுரத்தில் ஓர் அடாப்டரும், ஆன்லைனில் ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு ஒரு ஐஇஎம்மும் வாங்கிவிட்டான். அதே பழைய ஆண்ட்ராய்டு. போன வாரம் மறுபடி கூப்பிட்டான்.

"அக்கா, செம்ம சவுண்டு. கேட்ட பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருக்கேன்."

"அப்போ இ.எம்.ஐ வேணாம்தானே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"இல்லக்கா... அந்த போன்ல கேமரா நல்லாருக்குல்ல?"